திறந்த ஜன்னல் வழியாகவே புகை உள்ளே வந்தது

பெங்களூரில் வாடகை வீட்டில் கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள், அதிலும் யூட்டிலிட்டி பால்கனிக்குக் கண்ணாடி போட்டு அடைத்தவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கடந்த வருடம் ஆகஸ்டிலிருந்து தீபாவளி வரை கீசர் புகையால் நானும் அம்மாவும் பட்ட பாட்டை யாராவது முன்பே எழுதி வைத்திருந்தால் எங்களுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் மிச்சமாகியிருக்கும். பணம் போனால் போகட்டும். ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில் அம்மா முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கோடு படுத்திருக்க, கணவர் ஆன்சைட்டில் வேறு நாட்டில், பையன் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நிற்க, எந்த ஃபாரத்தில் கையெழுத்துப் போடுகிறேன் என்றே புரியாமல் நின்ற அந்தக் காலையை யாருக்கும் விரும்பமாட்டேன்.

வீட்டின் அமைப்பைச் சொன்னால்தான் நடந்தது புரியும். ஒன்பதாவது மாடி, 950 சதுர அடி, இரண்டு பெட்ரூம். சமையலறைக்குப் பின்னால் யூட்டிலிட்டி. வாஷிங் மெஷின், பாத்திரம் தேய்க்கும் சிங்க், சுவரில் 6 லிட்டர் கேஸ் கீசர், கீழே சிலிண்டர். கீசர் ஓனர் வைத்தது. அதற்குப் புகைக்குழாய் கிடையாது, மேலே இருக்கும் இடைவெளி வழியாகச் சூடான புகை அப்படியே வெளியேறும் வகை. நாங்கள் குடிபோனபோது யூட்டிலிட்டிக்கு வெறும் கிரில்தான், காற்று பிய்த்துக்கொண்டு போகும், அதனால் யாரும் கவலைப்படவில்லை. கவலையெல்லாம் புறாவைப் பற்றித்தான். துணி காயப்போட்டால் எச்சம், வாஷிங் மெஷின் மேல் கூடு, மழை வந்தால் தரையெல்லாம் தண்ணீர். ஓனரிடம் கேட்டுவிட்டு 42,000 ரூபாய்க்கு யூபிவிசி (பிளாஸ்டிக் சட்டத்தில் கண்ணாடி வைத்த) ஸ்லைடிங் ஜன்னல் போட்டோம். போட வந்தவர் கீசரைப் பார்த்துவிட்டு, "ஒரு கையளவு திறந்தே வெச்சிருங்க மேடம், புகை போயிடும்" என்றார். அந்தக் கையளவு இடைவெளியை ஒருநாளும் மூடவில்லை, அதில் வலைத்துண்டு கூட வைத்தேன். அதே மாதம் சமையலறைக்குப் புது சிம்னியும் வந்தது, மணிக்கு 1200 கன மீட்டர் உறிஞ்சும் என்று பெட்டியில் போட்டிருந்தது. தாளிக்கும் வாசனை ஹாலுக்கு வரவில்லை என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

செப்டம்பரில் அம்மாவுக்குத் தலைவலி ஆரம்பித்தது. காலையில் சமையல் முடியும்போது நெற்றிப்பொட்டில் குத்தும், குமட்டும், சாப்பாடு இறங்காது. பத்து மணிக்குக் கோயிலுக்கோ கீழே பார்க்குக்கோ போய் உட்கார்ந்தால் தெளிந்துவிடும். எனக்கும் ஆபீஸ் கால் ஆரம்பிக்கும் நேரத்தில் தலை பாரமாக இருக்கும். ஸ்கிரீனைப் பார்ப்பதால் என்று நினைத்துக் கண் டாக்டரிடம் போய் 6,000 ரூபாய்க்குப் புதுக் கண்ணாடி. அம்மாவுக்கு சைனஸ் என்றார் ஒருவர், சிடி எடுத்தோம். பிரஷர் என்றார் இன்னொருவர், மாத்திரையைக் கூட்டினார். எம்ஆர்ஐயும் எடுத்தாயிற்று, 8,500. எல்லாம் நார்மல். யாரும் தப்பாகப் பார்த்தார்கள் என்று சொல்லமாட்டேன், ஆனால் வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா, வெளியே போனால் சரியாகிறதா என்ற இரண்டு கேள்வியை அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. தஞ்சாவூருக்கு ஒரு வாரம் போன அம்மா அங்கே ஒரு மாத்திரை கூடப் போடவில்லை. "பெங்களூர் தண்ணி ஒத்துக்கல" என்று சொந்தக்காரர்கள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

தீபாவளி அன்று விடிவதற்கு முன்பே எண்ணெய்க் குளியல். அம்மா முதலில், பிறகு பையன், கடைசியில் நான். சீயக்காய் போட்டு அலசி முடிக்க எவ்வளவு நேரமாகும் என்று தெரியுமே, கீசர் இடைவிடாமல் எரிந்துகொண்டிருந்தது. கீழே வெடிக்கும் பட்டாசுப் புகை வீட்டுக்குள் வரக்கூடாது என்று ஹால், பெட்ரூம் ஜன்னல்கள் அத்தனையும் அடைத்தாயிற்று. சமையலறையில் வடையும் பஜ்ஜியும், சிம்னி உச்ச வேகத்தில். நான் குளித்துவிட்டு வெளியே வரும்போது முழங்காலில் பலமே இல்லை, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன். அம்மா ஃப்ரிட்ஜில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் வாந்தி, அடுப்பில் எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது. "தலை சுத்துதுடி, கண்ணே தெரியல" என்றார். வெறும் வயிற்றில் லேகியம் சாப்பிட்டதால் என்று நினைத்தேன். அடுப்பை அணைத்து, இழுத்துப் பிடித்துக் கீழே கொண்டுபோய் ஆட்டோவில் ஏற்றினேன். வேடிக்கை என்னவென்றால் ஆட்டோவில் காற்று பட்டதும் அம்மாவுக்குக் கொஞ்சம் தெளிந்துவிட்டது. "சரியாப் போச்சு, திரும்பிடலாம், நல்ல நாளும் அதுவுமா ஆஸ்பத்திரி எதுக்கு" என்று ஆரம்பித்தார். திரும்பியிருந்தால் அதே சமையலறைக்குத்தான் திரும்பியிருப்போம்.

எமர்ஜென்சியில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 99 காட்டியது. நர்ஸ் ஒன்றும் இல்லை என்பது போலப் பார்த்தார். டியூட்டியில் இருந்த இளம் பெண் டாக்டர்தான் என்னையும் நிற்க வைத்து, உங்களுக்கும் தலைவலியா, பையனுக்கு எப்படி, வீட்டில் என்ன கீசர் என்று வரிசையாகக் கேட்டார். பையன் விடிந்ததிலிருந்து கீழே பட்டாசு நடுவில் நின்றவன், அத்தனை புகையைக் குடித்தும் நன்றாக இருந்தான். வீட்டுக்குள் சுத்தமாக இருந்ததாக நினைத்த நாங்கள் இரண்டு பேரும்தான் விழுந்தோம். அதைக் கேட்டதும் அவர் ரத்தத்தில் கார்பாக்ஸிஹீமோகுளோபின் பார்க்கச் சொன்னார். அம்மாவுக்கு 24 சதவீதம், எனக்கு 16. புகை பிடிக்காதவர்களுக்கு 2, 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டியது.

கார்பன் மோனாக்சைடு. ரத்தத்தின் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தில் இது ஒட்டியிருக்கிறது என்பதுதான் அந்த எண். இதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண் எரியாது, இருமல் வராது. சிலிண்டர் கேஸ் கசிந்தால் வரும் நாற்றம் அதில் கலந்த மெர்காப்டனுடையது, கேஸ் எரிந்து முடிந்த பிறகு அந்த நாற்றமும் இருக்காது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரவேண்டிய இடத்தில் இது 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக உட்கார்ந்துவிடும். ஆக்சிமீட்டருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, இரண்டையும் ஆக்சிஜன் என்றே கணக்குப் பண்ணும், அதனால் 99 என்ற எண்ணை நம்பி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். இன்னொன்றும் டாக்டர் சொன்னார், இதை நினைவில் வையுங்கள்: சாதாரணக் காற்றை மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் உடம்பில் இதன் அளவு பாதியாகக் குறைய ஏறக்குறைய 5 மணி நேரம், மாஸ்க்கில் முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள். ஆகவே சந்தேகம் வந்தால் உடனே போங்கள், போனதும் நீங்களே "கேஸ் கீசர் இருக்கிறது, கார்பன் மோனாக்சைடு பாருங்கள்" என்று சொல்லுங்கள். சாயங்காலம் நிதானமாகப் போனால் ரிப்போர்ட்டில் பாதி அழிந்திருக்கும். நரம்பியல் மருத்துவர்கள் இந்தியாவில் இதற்கு கேஸ் கீசர் சிண்ட்ரோம் என்று பெயரே வைத்திருக்கிறார்கள், குளியலறையில் மயங்கி விழுந்து, வலிப்பு வந்து, காரணம் தெரியாமல் வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்களும் அதில் உண்டு. தேறிய பிறகும் சில வாரம் கழித்து ஞாபக மறதி, தடுமாற்றம் வரலாம் என்று அம்மாவை மறுபடி வரச்சொன்னார்கள். ஆஸ்பத்திரி பில் 34,000. இன்ஷூரன்ஸ் பாதிதான் தந்தது, அது தனிக் கதை.

வீட்டுக்கு வந்ததும் கீசர் சர்வீஸ்காரரைக் கூப்பிட்டேன். மூடியைக் கழற்றினால் உள்ளே செம்புத் தகடுகளுக்கு நடுவில் கரி அப்பியிருந்தது, விரலால் தொட்டால் மை மாதிரி ஒட்டியது. தீ பாதி மஞ்சள். கரியைத் தட்டிச் சுத்தம் செய்து, நீலமாக எரிய வைத்துக் காட்டி 1,200 வாங்கிக்கொண்டு, "ஜன்னல் திறந்துதானே இருக்கு மேடம், ஒண்ணும் ஆகாது" என்று கிளம்பிவிட்டார். எனக்கு மனசு ஆறவில்லை. ஜன்னல் முன்பும் திறந்துதானே இருந்தது?

மேல் மாடியில் ஓய்வுபெற்ற மெக்கானிக்கல் இன்ஜினியர் அங்கிள் ஒருவர் இருக்கிறார். அவரிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "உன் சிம்னி வெளியே தள்ளுற காத்துக்குப் பதிலா உள்ளே எந்த வழியா காத்து வருது?" எனக்குப் பதில் தெரியவில்லை. ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு அவரே வந்தார். ஹால் ஜன்னல், பெட்ரூம் ஜன்னல், வாசல் கதவு எல்லாம் மூடச்சொன்னார். சிம்னி போடாமல் யூட்டிலிட்டியின் அந்தக் கையளவு இடைவெளியில் ஊதுவத்தியைக் காட்டினார், புகை சோம்பலாக மேலே ஏறியது. சிம்னியை மூன்றாவது வேகத்தில் போட்டார். புகை அப்படியே மடங்கி உள்பக்கம் படுத்தது. அதைப் பின்தொடர்ந்து கீசருக்குக் கீழே காட்டினார், சமையலறைக் கதவின் அடியில் காட்டினார். கதவடி இடுக்கில் புகை நூல் பிடித்து இழுத்தது போல உள்ளே ஓடியது. ஆக, புகை போக என்று திறந்துவைத்த வழி வீட்டுக்கே காற்று உள்ளே வரும் வாசலாகிவிட்டது. வரும் காற்று கீசரைக் கடந்து, அதன் புகையையும் சேர்த்துக்கொண்டு, அம்மா நிற்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதைப் பார்த்த பிறகு கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை, கையெல்லாம் நடுங்கியது.

எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டால் எண்ணெய் சரியாக ஊற்றாது, எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால்தான் ஒழுங்காக விழும் இல்லையா, வீடும் அதேதான். வெளியே போகிற அளவுக்கு உள்ளே வந்தே தீரும். எங்கள் வீட்டின் மொத்தக் காற்று சுமார் 255 கன மீட்டர். சிம்னி பெட்டியில் போட்ட வேகத்தில் உறிஞ்சினால் 13 நிமிடத்தில் வீட்டுக் காற்று முழுக்க மாறவேண்டும் (நிஜத்தில் குழாய் வளைவுகளால் அதைவிடக் குறைவாகத்தான் உறிஞ்சும், பாதி என்று வைத்தாலும் நிறையவே). பழைய வீடுகளில் மர ஜன்னல் இடுக்கு, ஓட்டுக்கூரை, வென்டிலேட்டர் என்று காற்றுக்கு ஆயிரம் வழி. ரப்பர் வைத்து இறுக்கமாக மூடும் யூபிவிசி ஜன்னல்கள் வந்த பிறகு வழி குறைந்துவிட்டது, எது சுலபமோ அதன் வழியாகக் காற்று பாயும்.

இதற்குப் பெரிய அழுத்தமெல்லாம் தேவையில்லை. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் ஒரு லட்சம் பாஸ்கலுக்குக் கொஞ்சம் மேல். விசிறி எதுவும் இல்லாமல் சூட்டினால் மட்டும் புகை மேலே போகும் குழாய் வைத்த ஹீட்டர்களுக்குக் கனடா போன்ற குளிர்நாடுகளில் வீட்டுக்குள் 5 பாஸ்கல் குறைந்தாலே ஆபத்து என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், புகை திரும்பி வீட்டுக்குள் இறங்கிவிடுமாம். 5 பாஸ்கல் என்பது அரை மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் எடை, அவ்வளவுதான். காதும் அடைக்காது, கதவும் இழுக்காது. ஒன்பதாவது மாடியில் அடிக்கிற காற்றே அதைவிட அதிகமாகத் தள்ளும், அதனால் காற்றடிக்கும் திசையில் யூட்டிலிட்டி இருந்தால் சிம்னி போடாத நாளிலும் புகை உள்ளே வரலாம். எங்களுக்கு சில நாள் தலைவலி அதிகமாகவும் சில நாள் இல்லாமலும் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று அங்கிள் சொன்னார்.

கீசர் எவ்வளவு எரிக்கிறது என்பதும் நிறையப் பேருக்குத் தெரியாது. நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீரைக் குளிக்கும் சூட்டுக்குக் கொண்டுவர, அடுப்பின் பெரிய பர்னர் நான்கைந்தை ஒன்றாக எரிப்பது போன்ற தீ வேண்டும். 1 கிலோ கேஸ் முழுதாக எரிய 12 கன மீட்டருக்கு மேல் காற்று தேவை. நம்ம ஊர் அபார்ட்மென்ட் குளியலறை மொத்தமே 9 கன மீட்டர்தான் வரும். இந்தக் கீசரைக் குளியலறைக்குள்ளேயே மாட்டிக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக் குளிப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆக்சிஜன் குறையக் குறைய தீ சரியாக எரியாது, கார்பன் மோனாக்சைடு கூடும், கரி படியும், கரி படிந்தால் புகை போகும் வழி அடைபட்டு இன்னும் மோசமாக எரியும். எங்கள் யூட்டிலிட்டியில் நடந்தது அதுதான், தன் புகையைத் தானே மறுபடி மறுபடி இழுத்து எரிந்திருக்கிறது.

சரி, என்ன செய்யலாம். முடிந்தால் கேஸ் கீசரையே எடுத்துவிடுங்கள், நான் 9,500க்கு எலெக்ட்ரிக் கீசர் வாங்கிவிட்டேன், கரன்ட் பில் கூடும், கூடட்டும். எடுக்க முடியாதவர்கள் அதைக் குளியலறைக்குள் வைக்கவே வைக்காதீர்கள். திறந்த கிரில் உள்ள இடத்தில் வையுங்கள், அந்தக் கிரிலை என்ன ஆனாலும் கண்ணாடியால் மூடாதீர்கள், புறாவுக்கு வலை போதும். புகைக்குழாய் மாட்டும் வசதி உள்ள மாடலாக வாங்கி, குழாயைக் கட்டடத்துக்கு வெளியே விடுங்கள். பல வீடுகளில் நாலு பக்கமும் சுவர் உள்ள டக்டுக்குள் விடுகிறார்கள், அந்த டக்டிலேயே மேல் வீட்டுக் குளியலறை ஜன்னலும் திறக்கும். சிம்னியோ எக்ஸாஸ்ட் ஃபேனோ ஓடும்போது கீசருக்குத் தூரமான ஒரு ஜன்னலை நன்றாகத் திறந்துவையுங்கள். எங்கள் வீட்டில் ஹால் ஜன்னலை முழங்கை அளவு திறந்ததும் ஊதுவத்திப் புகை உள்ளே ஓடுவது நின்றுவிட்டது. இந்தச் சோதனையை நீங்களும் செய்யுங்கள்: கீசரை அணைத்து, சிலிண்டரை மூடிவிட்டு, எல்லா ஜன்னலையும் அடைத்து, வீட்டில் உள்ள எல்லா எக்ஸாஸ்ட் ஃபேனையும் சிம்னியையும் உச்சத்தில் போட்டு, கீசர் இருக்கும் இடத்தில் ஊதுவத்தி எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். குறைந்த செலவில் இதைவிட நல்ல டெஸ்ட் கிடையாது. ஸ்ப்ளிட் ஏசி போட்டால் புதுக் காற்று வரும் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று, அது உள்ளே இருக்கும் காற்றையேதான் சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது.

அலாரம் வாங்கும்போது கவனம். கேஸ் டிடெக்டர் என்று கடையில் கேட்டால் எல்பிஜி கசிவு பார்க்கும் கருவியைக் கொடுப்பார்கள், அது இதற்கு உதவாது. கார்பன் மோனாக்சைடு என்று தெளிவாக எழுதி, ஈஎன் 50291 (ஐரோப்பிய) அல்லது யூஎல் 2034 (அமெரிக்க) தரம் குறிப்பிட்டதாகப் பார்த்து வாங்குங்கள், எனக்கு இரண்டு அலாரம் சேர்த்து 7,000 ஆனது. ஈஎன் தரத்தில் 300 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 300 பங்கு) வந்தால் 3 நிமிடத்துக்குள் கத்தவேண்டும், 50 பிபிஎம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் கத்தும். அதற்காகக் கெட்டுப்போனது என்று திருப்பிக் கொடுக்காதீர்கள். எல்பிஜி காற்றைவிட கனம், தரையில் தேங்கும், கார்பன் மோனாக்சைடு கிட்டத்தட்ட காற்றின் எடையே, எல்லா உயரத்திலும் கலந்திருக்கும். ஆகவே ஒன்றைப் படுக்கையறையில் வையுங்கள், கத்தினால் தூக்கத்தில் கேட்கவேண்டும். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் சத்தமும் பேட்டரியும்தான் சோதிக்கப்படும், உள்ளே உள்ள சென்சாருக்கு ஆயுள் உண்டு, பின்பக்கம் போட்டிருக்கும் தேதி முடிந்ததும் மாற்றியே ஆகவேண்டும். தீ நீலமாக எரிகிறதே என்று நிம்மதியாக இருப்பதும் வேண்டாம், மஞ்சள் என்றால் நிச்சயம் கோளாறு, நீலம் என்பதற்காகக் கோளாறே இல்லை என்று சொல்லமுடியாது.

குளிக்கப் போனவர் கூப்பிட்டால் பதில் தராவிட்டால் யோசிக்காமல் சிலிண்டரை மூடி, கதவை உடைத்து, மூச்சை அடக்கி ஆளை இழுத்து வெளியே போடுங்கள், உள்ளே நின்று முதலுதவி செய்ய வேண்டாம், 108க்கு அடியுங்கள். கீசர் இல்லாத வீட்டுக்கும் இது பொருந்தும்: ஊட்டி, கொடைக்கானலில் குளிருக்குக் கரி அடுப்பை ரூமுக்குள் வைத்துக் கதவடைத்துத் தூங்குவது, மழைநாளில் ஜெனரேட்டரைப் பால்கனியில் ஓடவிடுவது, குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டு சாம்பிராணி போட்ட கங்குத் தட்டை அடைத்த அறையிலேயே விட்டுவிடுவது. சாம்பிராணியை விடுங்கள், அதன் அடியில் கனியும் கங்கே போதும்.

ஓனரிடம் யூபிவிசி ஜன்னலைக் கழற்றவேண்டும் என்றபோது, "நல்லாத்தானே இருக்கு, நீங்க காலி பண்ணும்போது விட்டுட்டுப் போங்க" என்றார். கழற்ற மட்டும் 5,000 ஆனது, கழற்றிய சட்டம் இப்போது படிக்கட்டுக்கு அடியில் கிடக்கிறது, யாராவது வாங்குவார்களா என்று பார்க்கிறேன். கேஸ் கீசரைத் துணியில் சுற்றி அவரிடமே கொடுத்தேன், அடுத்து வருபவர்களுக்கு வேண்டியிருக்கும் என்று பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார். அதனால் அசோசியேஷனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், யூட்டிலிட்டியைக் கண்ணாடியால் அடைக்க அனுமதி கேட்பவர்களிடம் முதலில் என்ன கீசர் என்று கேளுங்கள் என்று. அடுத்த கூட்டத்தில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.